நீலம் வராத திரை

வெள்ளிக்கிழமை காலை 6.20. சஹோனியா வட்டாரத்தில் பாதிப் பேர் பல் விளக்கும் முன்பே எவுலாலியோவின் முகத்தைக் கைபேசியில் பார்த்துவிட்டார்கள். நாற்பது விநாடிதான். மூக்கு, மச்சம், ஒடிந்த முன்பல் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. குடிசைகளுக்குத் தீ வைத்த பண்ணை முதலாளியின் பெயரை அந்த வாய் சொன்னது.

காலை 8.00. எவுலாலியோ ஓட்டும் லாரியின் கண்ணாடிகள் நொறுங்கிக் கிடந்தன. ஆள் ஆற்றைக் கடந்து அக்கரை நாட்டுக் குளோரிந்தாவுக்குப் போய்விட்டார் என்றான் படகுக்காரன்.

முகத்தை மறைத்துவிடுவோம் என்று வாக்குக் கொடுத்துத்தான் அவரைக் கேமரா முன் உட்காரவைத்திருந்தார்கள். கொடுத்தவள் மிர்த்தா. என் வீட்டுக்கு எதிர்மாடியில் எடிட்டிங் அறை. அங்கே ஆவணப்படம் வெட்டி ஒட்டுபவள் அவள்தான். எவுலாலியோ அவளுக்குத் தாய்மாமா. மறைக்காத காட்சி அந்த அறைக் கணினியைத் தவிர வேறெங்கும் கிடையாது.

இயக்குநர் அனிபால் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். "சொந்த மாமனையே வித்துட்டியேம்மா."

மிர்த்தா வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன். பத்து மணிக்குள் பதினோரு பேரிடம் சொல்லிவிட்டேன். பொய் சொல்வானேன், கொஞ்சம் உப்பும் சேர்த்தேன்.

காலை 10.30. டிவி ரிப்பேர் செய்யும் செஃபெரினா வந்தாள். எடிட்டிங் அறையின் பெரிய டிவி அடிக்கடி கறுத்துப்போகிறது என்று முந்தின நாள் சாயங்காலம் வரச்சொல்லியிருந்தார்களாம். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் ஞாபகம் இல்லை. என்னிடம் ஏணி கேட்டாள். ஏணியைத் திரும்ப வாங்க வேண்டுமே என்று நானும் மேலே போனேன்.

அறையில் மூவர். அனிபால், மிர்த்தா, ஒலிப்பதிவு பார்க்கும் தெர்லிஸ். சுவரில் டிவி, அதைப் பார்த்தபடி சோபா. சோபாவுக்குப் பின்னால் கணினி மேசை. மிர்த்தா மேசையில் வேலை செய்ய, சோபாவில் இருப்பவர்கள் அதையே டிவியில் பெரிதாகப் பார்ப்பார்கள்.

"கறுப்பானா என்ன பண்ணுவீங்க?" என்றாள் செஃபெரினா.

"நான் டிவிக்கு அடியில போற கேபிளை ஒரு உதை உதைப்பேன்," என்றான் தெர்லிஸ். "மிர்த்தாவும் பார்த்துட்டிருந்த மெயிலை விட்டுட்டு எடிட்டிங் பக்கம் திரும்புவா. படம் வந்துடும்."

"உன் உதையாலயா?"

"ஆறு மாசமா என் உதைதான்க்கா. வேணும்னா இவங்களைக் கேளுங்க."

செஃபெரினா கேபிளைப் பிடுங்கினாள். டிவி நீலமானது, 'சிக்னல் இல்லை' என்று வெள்ளை எழுத்து வந்தது. சொருகினாள். படம் வந்தது.

"கடைசியா எப்போ கறுப்பாச்சு?"

"நேத்து மத்தியானம் ரெண்டு நாப்பது. ஊரே தூங்குற நேரம். மொத்தப் படத்தையும் ஓடவிட்டுப் பார்த்துட்டிருந்தோம். பதினோரு நிமிஷம் கறுப்பு. உதைச்சு உதைச்சு கால் வலிச்சதுதான் மிச்சம்."

"இப்படி நீலமா இருந்துச்சா?"

"இல்லக்கா. வெறும் கறுப்பு, எங்க மாமியார் போடுற காப்பி மாதிரி. எழுத்தும் இல்ல. ஸ்பீக்கர்ல சத்தம் மட்டும் ஓடிட்டே இருந்துச்சு."

"மிர்த்தா எங்க இருந்தா?"

"சோபால. நேத்து அவதான் தெரெரே ஊத்தினா."

தெரெரே எங்கள் ஊர்க் குளிர்ந்த இலைத் தேநீர். ஒரு கையில் ஐஸ் தண்ணீர் ஜாடி, மறு கையில் இலை போட்ட கொம்புக் குவளை. ஊற்றுகிறவள் ஒருத்திதான், சுற்று முடியும்வரை ஜாடியை விட்டு எழமாட்டாள். எங்கள் ஊரில் சாவு வீட்டில்கூட அப்படித்தான்.

"நீங்க?"

அனிபால் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்குப் போதும்னு குவளையைக் குடுத்துட்டு மேசை நாற்காலில போய்ச் சாய்ஞ்சேன். டிவியைத்தான் பார்த்துட்டிருந்தேன். கணினியைத் தொடவே இல்ல. டிவியைப் பாருன்னா வாக்குமூலம் வாங்குறியேம்மா."

"பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

செஃபெரினா மேசை நாற்காலியில் உட்கார்ந்து படத்தை ஓடவிட்டாள். டிவியில் எவுலாலியோ பேசினார். மிர்த்தா தலையைத் திருப்பிக்கொண்டாள். செஃபெரினா மௌஸை நகர்த்தி மெயிலைத் திறந்தாள்.

டிவி கறுத்தது. நீலம் இல்லை. எழுத்து இல்லை. எவுலாலியோவின் குரல் மட்டும் ஓடியது.

எடிட்டிங் பக்கம் மறுபடி தொட்டாள். முகம் வந்தது. தெர்லிஸ் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

"கேபிள்ல கோளாறுன்னா டிவி நீலமாகிக் கத்தும்," என்றாள். "எழுத்தில்லாம கறுத்தா கேபிள் நல்லா இருக்குன்னு அர்த்தம். கணினியே கறுப்பை அனுப்புது. இங்க பாருங்க, அமைப்புகள்ல ஒரு டிக். கணினில மெயில் மாதிரி வேற ஜன்னலைத் திறந்தா வெளித்திரையை அணைச்சுடுன்னு. மிர்த்தா மெயில் பார்க்கப் போனப்பல்லாம் கறுத்துச்சு, திரும்பினப்பல்லாம் வந்துச்சு. தம்பி, நீ ஆறு மாசமா உதைச்சது ஒரு பாவமும் அறியாத கேபிளை."

டிக்கை எடுத்தாள். மெயிலைத் திறந்தாள். டிவியில் படம் கறுக்காமல் ஓடியது.

"ரிப்பேர் முடிஞ்சுது. இனி நேத்து நடந்ததுக்கு வருவோம். பதினோரு நிமிஷம் எடிட்டிங்குக்கு முன்னாடி வேற ஜன்னல் திறந்து கிடந்துச்சு. அது தானா திறக்காது. இவ கையில ஜாடி. இவன் கால் கேபிள்ல. நாற்காலில யார் இருந்தது?"

அனிபால் சிரித்தார். "மெயில் பார்த்திருப்பேன். அது ஒரு குத்தமா?"

"இல்லையே. தொடவே இல்லன்னீங்க, அதுதான் இடிக்குது."

மிர்த்தா மௌஸை வாங்கினாள். இணையத்தில் போய்வந்த பக்கங்களின் பட்டியலைத் திறந்தாள். அவள் குரலை அன்று முதன்முதலாகக் கேட்டேன்.

"புதன் இருக்கு. இன்னிக்கு இருக்கு. வியாழன் மட்டும் துடைச்சிருக்கு."

அனிபால் சோபாவில் உட்கார்ந்தார்.

"முகத்தை மறைச்சுத்தான் போடணும்னு சொல்லித்தான் ஒரு நிருபருக்கு அனுப்பினேன். அவன் அப்படியே போட்டுட்டான். முகமே இல்லாத படத்தை எவன் வந்து பார்ப்பான், சொல்லு. கொஞ்சம் சலசலப்பு வேணும்ல."

"என் பேரை ஏன் சொன்னீங்க?"

"யார் பேரையாவது சொல்லணுமே மிர்த்தா."

அறைவாள் என்று எதிர்பார்த்தேன். ஏணியைக்கூட ஓரமாக நகர்த்தி வைத்தேன். அவளோ நாற்காலியில் உட்கார்ந்து, மாமாவின் காட்சியை எடுத்து, ஒவ்வொரு சட்டகமாக முகத்தை மங்கலாக்க ஆரம்பித்தாள்.

"இனி அதை மறைச்சு என்ன பண்ணப்போறே?" என்றான் தெர்லிஸ்.

"வாக்குக் குடுத்திருக்கேன்."

மாலை 4.10. வேலை முடிந்தது. அறைச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

அடுத்த வாரம் அவள் அரசு வழக்கறிஞரிடம் போனாள். துடைத்த பட்டியலையும் கறுத்த டிவியையும் வைத்து வழக்குப் போட முடியாது என்றாராம். நானும் அந்தப் பதினோரு பேரிடமும் போய் மாற்றிச் சொன்னேன். மூன்று பேர் நின்று கேட்டார்கள். மற்றவர்களுக்கு அடுப்பில் பால் இருந்தது.

ஆகஸ்டில் படம் திரையிட்டார்கள். அரங்கில் உட்கார இடமில்லை. அனிபால் மேடையேறி, துணிந்து பேசிய எளிய மனிதர்களுக்கு நன்றி என்றார். எவுலாலியோ அப்போது குளோரிந்தா சந்தையில் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். மிர்த்தா வரவில்லை.

எவுலாலியோ வரும் காட்சி ஓடியது. மூக்கு இல்லை, மச்சம் இல்லை, பல் இல்லை. தோளுக்கு மேல் ஒரு சாம்பல் புகை. அத்தனை சுத்தமான வேலை.

பக்கத்து இருக்கைக்காரர் என் காதோரம் சாய்ந்தார். "இவரு யாரு தெரியுமா? எவுலாலியோ."

"தெரியும்," என்றேன்.