திருநீறு பூசாத பந்து

பந்து சுவரைத் தாண்டிப் போய்விட்டது.

சௌடம்மாளுக்கு அழுகையே வந்தது. கையில் இருந்ததே ரோமம் உதிர்ந்த நாலைந்து பந்துகள். அருப்புக்கோட்டைக் கடைகளில் டென்னிஸ் பந்து கேட்டால் சிரிப்பார்கள். சுவருக்கு அப்பால் இருப்பதோ, என்றோ மூடிப்போன பருத்தி ஆலையின் வெள்ளைக்கார மானேஜர் குடியிருந்த பங்களா. அவர் மனைவி அங்கே டென்னிஸ் ஆடுவாளாம். விஷக்காய்ச்சலில் போய்விட்டாளாம். அவள் ஆடிய இடத்தில் இப்போது கருவேல முள்தான். பொழுது சாய்ந்தால் ஊரில் ஒருவரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள்.

மட்டையை இடுக்கிக்கொண்டு திரும்பினாள். முதுகுக்குப் பின்னால்... டொத்.

போன பந்து, எங்கோ தள்ளி விழுந்து உருண்டது. ஓடிப்போய் எடுத்தாள். விரல் அகலத்துக்கு அதில் திருநீறு பூசியிருந்தது.

யாரு என்று கேட்டுப் பார்த்தாள். ஒரு இலைகூட அசையவில்லை...

சுதந்திரம் வந்த மறுவருஷம் அது. சென்னைக்குப் படிக்கப் போன இடத்தில் மட்டை பிடித்தவள் சௌடம்மாள். பெண்களுக்கான தேசிய அணிப் போட்டி பம்பாயில் நடக்க இருந்தது. விடுமுறைக்கு ஊருக்குப் புறப்பட்டபோது மாகாண அணியின் தலைவி பளிச்சென்று சொல்லிவிட்டாள். இடது பக்கம் வருகிற பந்தில்தான் நீ தொலைகிறாய். அதைச் சரிசெய்துகொண்டு தேர்வு ஆட்டத்துக்கு வந்தால் அணியில் உனக்கு இடம். நீ இருந்தால் நமக்கு 'சீடு' நிச்சயம். பலமான அணிகள் ஆரம்பத்திலேயே மோதிக்கொள்ளாமல் தனித்தனியாகப் பிரித்து வைப்பதற்குத்தான் சீடு என்று பெயர். அது கிடைக்காவிட்டால் முதல் நாளே பம்பாய்க்காரிகளிடம் அகப்பட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான். அதற்காகத்தான், தறிச் சத்தம் ஓய்ந்த அந்தியில், காலேஜ் ஆட்டத்துக்கான வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் பொட்டலில் அந்தச் சுவரோடு அவள் மல்லுக்கட்டினாள்.

மறுநாளும் ஒரு பந்து போயிற்று. திருநீறோடு திரும்பி வந்தது. அதற்கடுத்த நாள், கண் மங்குகிற நேரத்தில் ஒன்று வந்தது... அதில் திருநீறு இல்லை. சரியாக அவளுடைய இடது பக்கத்தில் விழுந்து, அடிக்கத் தோதாக எழும்பியது. கை தானாகத் திரும்பி அடித்தது. பந்து சுவரைத் தாண்டிப் போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது. மறுபடியும் இடது பக்கம்.

பயந்துதான் போனாள். இரவெல்லாம் தூக்கம் பிடிக்கவில்லை. ஆனாலும் பொழுது சாய்ந்தால் கால் பொட்டலுக்கே இழுத்தது. யார் அந்தப் பக்கம்... ஆள்தானா? ஆள் என்றால் ஏன் இப்படி என்னோடு கண்ணாமூச்சி ஆட வேண்டும்? நெஞ்சு அடித்துக்கொண்டதில் பாதி பயம். மீதி என்னவென்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

அதற்குள் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. வெள்ளைச் சேலை மோகினி ஒன்று பங்களாச் சுவரை டொக் டொக்கென்று தட்டுகிறதாம். அவள் அப்பா அப்பய்யா, நூல் வியாபாரி, அந்தப் பேச்சையும் மகளின் வெளிறிப்போன முகத்தையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தார். மோகினி தன் பெண்ணைப் பிடித்துக்கொண்டது என்றே முடிவு கட்டினார். திருச்சுழிப் பக்கம் பேயோட்டுகிற கோடாங்கிக்குச் சொல்லி அனுப்பியாயிற்று. சென்னை கிடையாது, பம்பாய் கிடையாது. மட்டை பரணுக்கு ஏறியது.

சௌடம்மாளின் பயமெல்லாம் கோபமாயிற்று. மட்டையைப் பரணிலிருந்து இறக்கினாள். சுவரைச் சுற்றிக்கொண்டு பங்களா வாசலுக்கே போய்விட்டாள். உள்ளேயிருந்து அவசரமாக வந்த ஒருவன், மோதாத குறையாக அவள் முன்னால் வந்து நின்றான். கையில் பூட்டு, நெற்றி நிறையத் திருநீறு, பெரிய கண்கள்... அந்தக் கண்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே கால்களுக்குப் போயின.

"தரையிலதான் இருக்கு. நல்லாப் பாத்துக்கோங்க," என்றாள்.

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. அவன் விவசாய இலாகா ஆள். பங்களாவின் பின்கட்டில் பருத்தி விதை மூட்டைகளை அடுக்கிவைத்து மழைக்குக் காத்திருப்பவன். ஊருக்கு வந்து சில வாரம்தான் ஆகிறது. சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, வெள்ளைச் சேலையை மோகினி என்றே நம்பிவிட்டான். பேயின் பொருளை வைத்துக்கொண்டால் அது வீடு வரைக்கும் பின்னாலேயே வந்துவிடும் என்று பயந்து, திருநீறு பூசித் திருப்பி எறிந்திருக்கிறான். காப்பிக் கடையில் மோகினிப் பேச்சைக் கிளப்பியதும் அவனேதான். பெயர் வீரபத்திரன். அதைக் கேட்டதும் அவளுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்தது.

"உங்களால எங்க மாகாணத்துக்கு சீடு போகப்போகுது."

"சீடுன்னா விதைதான? மூட்டை மூட்டையா இருக்கு. எம்புட்டு வேணும்?"

உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அப்பாவிடம் வந்து உண்மையைச் சொல்லுங்கள் என்றாள். அவன் முகம் விழுந்துவிட்டது. பரளச்சியிலிருந்து பந்தல்குடி வரைக்கும் சம்சாரிகள் அவன் பேச்சைக் கேட்டு விதைக்கிறவர்கள். பேய்க்குப் பயந்தவன் என்று தெரிந்தால் எவன் மதிப்பான்? முடியாது என்று தலையை ஆட்டினான்.

"அப்ப நான் மோகினியாவே இருந்துட்டுப் போறேன்," என்று சொல்லிவிட்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று வைராக்கியம்... பார்த்துவிட்டாள். அந்தப் பெரிய கண்கள் இப்போது அவள் கால்களில் இல்லை.

கோடாங்கி வந்து உடுக்கையைக் கையில் எடுத்த வேளையில், வாசலில் வீரபத்திரன் வந்து நின்றான். தெருவே கூடியிருந்தது.

"உங்க மகளை ஒண்ணும் பிடிக்கலைய்யா. பேயின்னு பயந்தவன் நான்தேன்."

சுவர், பந்து, திருநீறு என்று ஒன்று விடாமல் சொன்னான். தெரு விழுந்து விழுந்து சிரித்தது. அப்பய்யாவும் சிரித்து, கோடாங்கியை அனுப்பிவைத்தார். தலைகுனிந்து நின்றவனைப் பார்த்து சௌடம்மாளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கண் நிறைந்துவிட்டது.

சென்னைக்குப் போனாள். இடது பக்கம் வந்த பந்துகளில் ஒன்றைக்கூட விடவில்லை. அணியில் சேர்த்துக்கொண்டார்கள். மாகாணத்துக்கு இரண்டாவது சீடு கிடைத்தது. பம்பாய் புறப்படுமுன் பெட்டி கட்ட ஊருக்கு வந்தவள், அந்தியில் மட்டையோடு பொட்டலுக்குப் போனாள். ஐப்பசி மழை தூறத் தொடங்கியிருந்தது. வீரபத்திரன் இந்தப் பக்கம், சுவரோரமாக நின்றிருந்தான். எத்தனை நாளாக இப்படி வந்து நிற்கிறானோ...

"திருநீறு பூசாமப் போட்டீகளே... அந்தப் பந்துகளாலதான் என் இடது பக்கம் சரியாச்சு," என்றாள்.

அவன் சிரிப்பு மெல்ல நின்றது. "திருநீறு பூசாம நான் ஒண்ணுகூடப் போட்டதில்லையே... விளக்கு வைக்கிறதுக்குள்ள பூட்டிட்டு ஓடிருவேன்."

இருவரும் சுவரைப் பார்த்தார்கள். பங்களாச் சாவி அவன் இடுப்பில் இருந்தது.

டொத்.

பந்து அவளுடைய இடது பக்கத்தில் விழுந்து எழும்பியது. அவள் கை தானாகத் திரும்பி அடித்தது. மழைக்குள் அது சுவரைத் தாண்டி மறைந்தது. அந்தப் பக்கம் விழுந்த சத்தம் கேட்கவில்லை. பிறகு எதுவும் திரும்பி வரவுமில்லை. போய் நன்றாக ஆடு என்று யாரோ வழியனுப்பிய மாதிரி இருந்தது அவளுக்கு.

வீரபத்திரன் நெற்றித் திருநீற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். ஆனால் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"ஓடலையா?"

"பயமாத்தேன் இருக்கு... ஆனா நீங்க நிக்கிற எடத்தை விட்டுப் போக மனசு வரல. வாசல்ல உங்களைப் பாத்த அன்னையில இருந்தே அப்பிடித்தேன்."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். முதன்முதலில் திரும்பி வந்த பந்து, இன்னும் திருநீற்றுத் தடத்தோடு. அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"வச்சுக்கோங்க."

"வச்சுக்கிட்டா... வீடு வரைக்கும் பின்னாலயே வந்துருமே?"

நனைந்த இமைகளை உயர்த்தி, அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

"வாரேன்," என்றாள்.