பூட்டிய அறையில் சொட்டிய தண்ணீர்

"செத்துப்போன என் வீட்டுக்காரர் வந்து செடிக்குத் தண்ணி ஊத்தறாருங்க. இல்லேன்னா என் நாத்தனார் ஊத்தறா. ரெண்டுல எதுன்னு இப்பவே சொல்லுங்க. அவளை ஊருக்கு அனுப்ப வண்டி சொல்லியாச்சு."

மழையில் நனைந்து வந்த அந்த அம்மாள், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதன் உடைந்த கால் ஒன்றில் வெள்ளைப் பிளாஸ்திரி சுற்றியிருந்தது.

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டரம்மா நிதானமாகக் கேட்டார். அவர் மகனுக்குப் பெண் கொடுத்த சம்பந்திதான் பக்கத்தில் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். துப்பு என்றால் அவருக்கு சோறு தண்ணி வேண்டாம்.

விஷயம் இதுதான். கணவர் வீட்டுக்குள்ளேயே செடி வளர்த்தவர். உயரமான முக்காலியில் ஒரு வாளி, வாளிக்குள் குட்டி மோட்டார், அதிலிருந்து மேலே ஏறும் ஒரு குழாய், அது பிரிந்து தரையில் இருக்கும் தொட்டிகளுக்கு மெல்லிய குழாய்கள். தினமும் மதியம் மோட்டார் தானாகவே கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும். அவர் போன பிறகு, மோட்டார் நின்ற பின்னும் வாளி காலியாகிறது. தரையெல்லாம் வெள்ளம், செடிகள் வேரழுகிச் சாகின்றன. நேற்று மோட்டார் நின்றதும் பிளக்கைப் பிடுங்கி, அறையைப் பூட்டியும் அதே கதை. இன்னொரு சாவி நாத்தனாரிடம்.

"ஆவியேதான்! பூட்டெல்லாம் அதுக்கு ஒரு பொருட்டா?" என்றார் சம்பந்தி.

"ஆவிக்கு எதுக்கு சம்பந்தி வாளியும் குழாயும்? எழுந்திருங்க."

அந்த அறையில் ஈரமண் வாடை. கொக்கியில் இறந்தவரின் சட்டை இன்னும் தொங்கியது. அவர் உட்காரும் நாற்காலி தொட்டிகளைப் பார்த்தபடியே கிடந்தது. வாசலில் பெட்டியோடு நாத்தனார்.

"நான் தொடவே இல்லைங்க. அண்ணன் நினைப்பு வந்தா இங்க வந்து உக்காருவேன், அவ்வளவுதான்."

இன்ஸ்பெக்டரம்மா வாளியை நிரப்பச் சொல்லி உள்ளே குனிந்து பார்த்தார். தண்ணீருக்கு மேலே குழாய் தலைநீட்டும் இடத்தில் வெள்ளையாக ஏதோ சுற்றியிருந்தது. மோட்டாரை ஓடவிட்டார். நிறுத்தினார். பிளக்கைப் பிடுங்கி சம்பந்தியின் கையில் கொடுத்தார்.

சொட்டு. சொட்டு. எல்லாத் தொட்டியிலும்.

"ஐயோ, பிளக் என் கையில இருக்கு!"

"கெட்டியா பிடிச்சுக்குங்க, ஓடிடப் போகுது. குழாயோட ஒரு முனை மேல வாளியில, இன்னொரு முனை கீழ தொட்டியில. உள்ள தண்ணி நிறைஞ்சிருச்சுன்னா, மோட்டார் இல்லாமலே வாளியை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். அதை அறுக்கணும்னா குழாய்க்குள்ள காத்து போகணும். உங்க வீட்டுக்காரருக்கு இது தெரியும். அதுக்குன்னே இங்க ஊசியால ஓட்டை போட்டிருக்கார்."

வெள்ளையை உரித்தார். ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி. 'ஹ்ஹ்ஹா' என்று குழாய் நீளமாக ஒரு மூச்சு இழுத்தது. சொட்டு நின்றது. சம்பந்தி பிளக்கைக் கீழே போட்டார்.

"சலைன் ஊசி நழுவாம கையில ஒட்டுவாங்களே, அந்தப் பிளாஸ்திரி. உங்க கண்ணாடிக் காலிலும் அதேதான்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா மெதுவாக. "ஓட்டையை அடைச்சது நீங்கதாம்மா."

அந்த அம்மாள் காதைப் பொத்திக்கொண்டார்.

"அந்தச் சத்தம்... கடைசி நாள் அவர் இழுத்த மூச்சு மாதிரியே இருந்துச்சுங்க. தினம் மதியம் கேட்டேன். தாங்க முடியல. அடைச்சா போயிடும்னு நினைச்சேன். அதுக்கும் தண்ணிக்கும் சம்பந்தம் இருக்கும்னு சத்தியமா தெரியாது."

வெளியே வண்டி ஹாரன் அடித்தது.

"பெட்டியை உள்ள வைடி," என்றார் அந்த அம்மாள் நாத்தனாரிடம்.

"எதுக்கு அண்ணி? பேயா இருந்தாக்கூட அண்ணனை வெச்சுக்க ரெடியா இருந்தீங்க. உயிரோட இருக்கற என்னைத்தானே துரத்தினீங்க? இப்ப தப்பு என்மேல இல்லைன்னு ஆனதால இருக்கணுமா?"

சம்பந்தி வாயைத் திறந்தார். இன்ஸ்பெக்டரம்மா அவர் காலை மிதித்தார்.

"அதுக்கில்லடி. ஓட்டையை இனிமே அடைக்க முடியாது, செடி செத்துடும். நாளைக்கும் அது மூச்சு விடும். தனியா கேட்க எனக்கு பயமா இருக்கு."

நாத்தனார் கொஞ்ச நேரம் அந்தக் காலி நாற்காலியையே பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக வண்டி டிரைவருக்கு, போகும்படி கையசைத்தார்.

"எனக்கும் பயம்தான் அண்ணி," என்றார். "மதியம் ரெண்டு பேருமா உக்காந்து கேட்போம்."