கடிதத்தில் இரண்டு சொட்டு

"அண்ணே, படகுச் சங்கத்தாக்கள் நாளைக்குக் காலமை என்ட மனிசனை இயக்கக் காம்பில ஒப்படைக்கப் போறாங்களாம். போனா ஆள் திரும்பி வருமா?"

கனகசிங்கத்தின் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள் புஸ்பம். கனகசிங்கம் வாழைச்சேனைக் காகித ஆலையில் இருபது வருடம் தாள் பரிசோதித்தவர்; சண்டையில் வேலை போனபின் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், வவுணதீவில் இருந்தார். அவரைப் பார்க்க வந்திருந்த மெக்கானிக் சீனித்தம்பி எழுந்தான்.

"நல்லரத்தினம் அண்ணன் என்னகா செஞ்சவராம்?"

"படகுப் பெட்ரோலைக் களவெடுத்துத் தன்ட யமஹா மோட்டசைக்கிளுக்கு ஊத்தினவராம். கண்ணால கண்டதெண்டு சங்க ஸ்டோர் பார்க்கிற கதிர்காமத்தம்பி கடிதம் எழுதிட்டான்."

அந்தச் செவ்வாய்க்கிழமையை ஊரே அறியும். பிரசவ வலி கண்ட அன்னப்பூரணி மத்தியானம்வரை துறையில் கிடந்தாள். கேனில் பெட்ரோல் இல்லாததால், அவளை அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் படகு நகரவில்லை. பிள்ளை செத்துப் பிறந்தது.

"படகு எஞ்சினுக்கெண்டு கேனில எண்ணெய் கலந்திருந்ததோ?" கனகசிங்கம் கேட்டார்.

"ஓம். படகு ஓட்டுறவர் இவர்தானே; கிடந்த கடைசி எண்ணெயையும் அண்டைக்குக் காலமைதான் கலந்தவர்."

மூவரும் போனபோது படகுச் சங்க முற்றத்தில் நல்லரத்தினம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய யமஹா. கதிர்காமத்தம்பி தன் சுசுகியில் வந்து இறங்கினான்.

"ரெண்டும் ஜப்பான்காரன்ட டூ ஸ்ட்ரோக்தானே, பெட்ரோலோட எண்ணெயும் வேணும். என்ன வித்தியாசம்?" என்றார் கனகசிங்கம்.

"யமஹாவுக்கு எண்ணெய்க்குத் தனி டேங்க், பம்ப் இழுத்துக் குடுக்கும். பெட்ரோல் டேங்கில வெறும் பெட்ரோல்தான்," என்றான் சீனித்தம்பி. "சுசுகியும் அப்படித்தான். ஆனா பம்ப் பழுதாகி நானே கழற்றிட்டன். இப்ப கையால கலந்து ஊத்தணும். செக்பொயின்ற்றால எண்ணெய் விடாததால ரெண்டு மாசமா மூலையில கிடந்தது..."

சொல்லிக்கொண்டே சுசுகியைத் திரும்பிப் பார்த்தான்.

"இப்ப ஓடுதே, தம்பி. எண்ணெய் எங்க எடுத்தீங்க?" கனகசிங்கம் கதிர்காமத்தம்பியைக் கேட்டார்.

கதிர்காமத்தம்பி சுசுகியின் சாவியைப் பையில் போட்டான். "எண்ணெய் எங்க கிடக்கு, சேர்? ரெண்டு நாளா வெறும் பெட்ரோல்லதான் ஓட்டுறன்."

"அந்தக் கடிதத்தைத் தாங்க. எங்கட மில் தாள்தான்," என்று சங்கத்தாரிடம் கை நீட்டினார் கனகசிங்கம்.

யமஹா டேங்கிலிருந்து ஒரு சொட்டை இடப்பக்கமும், சுசுகியிலிருந்து ஒரு சொட்டை வலப்பக்கமும் விட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாவிக் காற்றில் இடப்பக்கம் சுவடில்லாமல் உலர்ந்தது. வலப்பக்கம், கதிர்காமத்தம்பியின் கையெழுத்தின்மேல், வட்டமாக எண்ணெய்க் கறை நின்றது.

"வெறும் பெட்ரோல் தாளில நிக்காது. யமஹாவில கலந்தது இல்ல. எண்ணெயே இல்லையெண்ட உங்கட டேங்கில இருக்கு. இந்தக் கரையில எண்ணெய் கலந்து கிடந்தது ஒரே ஒரு கேன்."

சீனித்தம்பி அவன் சட்டையைப் பிடித்தான். "நாயே! ஒரு பிள்ளையையும் கொன்று, இன்னொருத்தனையும் கொல்லப் பார்த்தியா?"

"விடுங்க, தம்பி," என்றாள் புஸ்பம். கடிதத்தை எடுத்துக் கதிர்காமத்தம்பியின் கையில் திணித்தாள்.

"காம்புக்கு வேணாம். இதை அன்னப்பூரணிட வீட்டுக்குக் கொண்டு போ. நடந்து போ."