ஏழரை மணிக்கு ஒரு போன்

இப்பல்லாம் மனுசன் செத்தால் எவனும் அழுவதில்லை. முதலில் செல்போனைத் தூக்குகிறான். போட்டோ எடுக்கிறான். ஸ்டேட்டஸ் வைக்கிறான். அப்புறம்தான் மூக்கைச் சிந்துகிறான்!

கள்ளக்குறிச்சியில் இருபத்தெட்டு வருசமாகப் பிணவறை வேலை எனக்கு. பேர் கொளஞ்சியப்பன். படிப்பு ரெண்டாங்கிளாஸ். எவன் பேச்சையும் லேசில் நம்பமாட்டேன். செத்தவன் மட்டும்தான் இதுவரை என்னிடம் பொய் சொன்னதில்லை.

ஆடி வெள்ளி. மத்தியானம் பன்னிரண்டு மணி.

இரும்புத் தள்ளுவண்டியில் வந்து சேர்ந்தான் சின்னதுரை. நாற்பத்தைந்து வயசு. சங்கராபுரத்துக்காரன். மலைக்கு மினி லாரி ஓட்டுகிறவன். வெள்ளிமலை ரோட்டில், வளைவுக்குக் கீழே, பள்ளத்தில் பைக்கோடு கிடந்தானாம். காலை ஒன்பது மணிக்கு பஸ் டிரைவர்தான் முதலில் பார்த்துப் போலீசுக்குச் சொன்னாராம்.

துணியை விலக்கினேன்.

மண்டை பிளந்திருந்தது!

குனிந்து பார்த்தேன். பள்ளத்தில் உருண்டவனுக்கு முட்டி கிழியும், முழங்கை கிழியும். இவனுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. பின்மண்டையில் மட்டும் மூன்று அடி. ஒரே இடத்தில்!

பாறை மூன்று தடவை எழுந்து வந்தா அடிக்கும்?

இது விபத்து இல்லை... கொலை!

வாசலில் இரண்டு பேர். ஒருத்தி மணிமொழி, செத்தவனின் ஒரே மகள். அம்மா இல்லாத பிள்ளை. ப்ளஸ் டூ முடித்து நர்சிங்கில் இடம் கிடைத்த கையோடு அப்பனைப் பறிகொடுத்துவிட்டு, கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொருவன் தமிழழகன், செத்தவனின் தம்பி. மாரில் அடித்துக்கொண்டு அழுதான்.

"ஐயோ அண்ணா! என்னை வுட்டுட்டுப் போயிட்டியே!"

அடையாளம் காட்ட ரெண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டேன். பின்னாலேயே மூன்றாவதாக ஒருத்தன் நுழைந்தான். இன் பண்ணின சட்டை. கையில் ஃபைல்.

"யாருப்பா நீ?"

"இன்சூரன்ஸ் ஏஜெண்டுங்க. தீனதயாளன்."

"நல்லா இருக்குதுயா! ரத்தம்கூட காயல, அதுக்குள்ள வந்துட்டியா?"

"அவரு தம்பிதாங்க போன் பண்ணி வரச் சொன்னாரு..."

பொழுது விடிந்தால் வீடு வீடாகப் போய் 'நீ செத்தா' 'நீ செத்தா' என்று பேசுகிறவன்! இவன்மேல்தான் என் முதல் சந்தேகம் விழுந்தது.

மணிமொழி நிமிர்ந்தாள்.

"இன்னா இன்சூரன்ஸ், சார்?"

"உங்கப்பா உன் பேருல போட்டதும்மா. இருவத்தஞ்சு லட்சம். உங்கிட்ட சொல்லலையா?"

"இல்லியே..."

"'மலை ரோட்டுல வண்டி ஓட்டறேன், நான் இல்லாட்டியும் எம்பொண்ணு படிப்பு நிக்கக்கூடாது சார்'னு சொல்லித்தாம்மா போட்டாரு. ஒரு வருசம்கூட தவறினது இல்ல."

அவ்வளவுதான். இறுகிக் கிடந்த முகம் உடைந்தது. அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே, அப்பா!"

தமிழழகனின் அழுகை மட்டும் டக்கென்று நின்றது.

"அவ சின்னப் பொண்ணு சார். அவகிட்ட போய் இதெல்லாம் எதுக்குப் பேசிக்கினு? காலேஜும் வேணாம் ஒண்ணும் வேணாம், மாப்ள பாத்துட்டேன். பதினெட்டு ஆவாட்டி பணத்த நான் வாங்கிக்கலாம்னு அண்ணன் எம்பேரத்தான எழுதிக் குடுத்துச்சு? எங்க கையெழுத்துப் போடணும்?"

தீனதயாளன் ஃபைலைப் புரட்டினான். நிமிர்ந்தான்.

"உங்க பேரு செல்லாதுங்க."

"இன்னாது?"

"பொண்ணு மைனரா இருந்தாத்தான் உங்க பேரு. இவங்களுக்குப் போன ஜூன்லயே பதினெட்டு முடிஞ்சிடுச்சு. பணம் நேரா இவங்களுக்குத்தான்."

"யோவ்! இவ பொறந்தது கார்த்திகையில! வெள்ளிமலையில, மாமியார் வூட்டுல, கொட்டற மழையில! மருத்துவச்சியக் கூட்டியாந்ததே நான்தான்யா! இன்னும் நாலு மாசம் இருக்குது!"

"பள்ளிக்கூடத்துல ஜூன்னுதானங்க போட்டிருக்கு? ஆதார்லயும் அதுதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் பிறந்த பிள்ளையை ஒன்றாங்கிளாசில் சேர்க்கப் போனால் வாத்தியார் தேதி கேட்பார். அப்பன் தலையைச் சொறிவான். ஐந்து வயசு ஆகவில்லை என்றால் சேர்க்க முடியாது. அதனால் வாத்தியாரே ஜூன் மாசத்தில் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். என் மகனுக்கு ஜூன். பக்கத்து வீட்டு செல்லியம்மாளின் நாலு பிள்ளைகளுக்கும் ஜூன்!

தமிழழகன் முகம் வெளிறியது.

"கார்த்திகைக்குள்ள முடிச்சா போதும்னுதானடா நானு..."

சட்டென்று வாயை மூடினான்.

மூடினால் விடுவேனா?

"ஏம்பா ஏஜெண்டு... இவரு எத்தினி மணிக்குப் போன் பண்ணாரு?"

"காலைல ஏழரைங்க. 'அண்ணன் பள்ளத்துல வுழுந்து செத்துட்டாரு, பாலிசி நடப்புல இருக்குதா'ன்னு கேட்டாரு."

"ஏழரையா! பஸ் டிரைவரு பொணத்தப் பாத்ததே ஒம்போதுக்குத்தான்?"

குழாய் மட்டும் சொட்டியது.

மணிமொழி மெதுவாகத் திரும்பினாள்.

"சித்தப்பா... நீயா?"

அவன் மேஜைமேல் இருந்த என் சுத்தியலைப் பாய்ந்து எடுத்தான். மண்டை ஓடு திறக்கிற சுத்தியல்!

முதல் அடி தீனதயாளன் தாடையில். ரெண்டு பல் பறந்து சுவரில் பட்டுத் தெறித்தது. ரத்தத்தைக் கக்கிக்கொண்டு சாய்ந்தான் அவன்.

அடுத்த நொடி மணிமொழியின் கூந்தல் தமிழழகன் கையில்!

"அப்பனும் இல்ல... நீயும் போயிட்டா இந்தப் பணம் யாருக்குடி வரும்? ரத்தம்னு நான் ஒருத்தன்தான்டி மிச்சம்!"

சுத்தியல் உயர்ந்தது.

"தாத்தா..!"

எனக்கு அறுபத்தேழு வயசு. அவனோடு மல்லுக்கட்ட முடியாது. கையில் தள்ளுவண்டி இருந்தது. அதன்மேல் சின்னதுரை இருந்தான்.

மொத்த பலத்தையும் போட்டுத் தள்ளினேன்!

'மடார்!'

இரும்பு விளிம்பு தமிழழகனின் முட்டியில் இறங்கியது. சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் எலும்பு நொறுங்கும் சத்தம். அலறிக்கொண்டு விழுந்தான். வண்டி கவிழ்ந்து, பிணம் சரிந்து, அவன்மேலேயே போய் விழுந்தது. முகத்தோடு முகம்!

"ஐயோ... எடுங்கடா... அண்ணன எடுங்கடா!"

சுத்தியல் உருண்டு மணிமொழியின் காலடியில் நின்றது. எடுத்தாள். ரெண்டு கையாலும் ஓங்கினாள். கண்ணில் நெருப்பு.

"வேணாம் பாப்பா! நீ ஜெயிலுக்குப் போனா, உங்கப்பன் இத்தினி வருசம் கட்டினதெல்லாம் தண்டம்!"

அப்பன் முகத்தைப் பார்த்தாள். சுத்தியலைக் கீழே போட்டாள்.

சித்தப்பனின் விரல்கள்மேல்!

அலறல் கேட்டு ஓடி வந்தார் எஸ்.ஐ. அறிவுச்செல்வன்.

"யாருய்யா இவன் காலை ஒடச்சது?"

"அவங்க அண்ணன், சார்!"

சாயங்காலத்துக்குள் எல்லாம் கக்கிவிட்டான். விடியற்காலையில் ஆளுக்கொரு பைக்கில் அண்ணனை மலைக்குக் கூட்டிப்போய், வளைவில் பைக்கை நிறுத்தச் சொல்லி, வீல் ஸ்பேனரால் பின்னாலிருந்து மூன்று அடி. அண்ணன் பைக்கைப் பள்ளத்தில் உருட்டிவிட்டு, பிணத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் பக்கத்தில் கிடத்தியிருக்கிறான். தமிழழகன் பைக்கின் சீட்டுக்கு அடியில் இருந்தது ஸ்பேனர், முடியும் ரத்தமுமாக.

நான் கிளம்பும்போது சைக்கிள் ஸ்டாண்டில் தீனதயாளன் நின்றுகொண்டிருந்தான். வாயெல்லாம் கட்டு. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

"பெரியவரே, பாப்பா காலேஜுக்குப் போவும். பணம் வந்துடும். இன்சூரன்ஸ் நல்லதுன்னு இப்பவாச்சும் ஒத்துக்கறீங்களா?"

"எதைய்யா ஒத்துக்கறது? நீ பாலிசி போடாம இருந்திருந்தா அவன் உசுரோட இருந்திருப்பான்!"

"கொன்னது பாலிசி இல்லீங்க, பேராச. என்னிக்காச்சும் லாரி கவுந்திருந்தா? அந்தப் பொண்ணு நடுத்தெருவுல நின்னிருக்கும். அவரு செஞ்ச ஒரே தப்பு, பொண்ணுகிட்ட சொல்லாம தம்பிகிட்ட மட்டும் சொன்னதுதான். புள்ள பெத்தவங்க போட்டா பத்தாது, புள்ளகிட்ட சொல்லியும் வெக்கணும்."

ஃபாரத்தை நீட்டினான்.

"உங்க வயசுக்கும் ஒண்ணு இருக்குதுங்க. புள்ளைங்கள நெனச்சுப் பாருங்க..."

நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். பின்னாலேயே வந்தான்.

"ஏன் பெரியவரே, இன்னுமா நம்பிக்க இல்ல?"

"உம்மேல கொஞ்சம் இருக்குதுப்பா!" திரும்பாமலே சொன்னேன். "ஆனா எனக்கும் கூடப்பொறந்தவன் ஒருத்தன் இருக்கான்... மெக்கானிக்கு வேற!"