கிளியின் போர்த்தியானம்

மருத்துவன் வாசலில் பறவைக் கூண்டோடு நிற்கும் ஆண்மகனைவிட இழிந்த பிறவி ஈரேழு பதினான்கு உலகங்களிலும் இல்லை! வாசகர்களே, இது நம் கருத்தன்று. நெடுவாயில் கோட்டைத் தளபதி அடலேறு கொற்றனாரின் கருத்து. மாலைக் கதிரவன் வெள்ளாற்றின் அலைகளில் குங்குமம் கரைத்துக்கொண்டிருந்த அவ்வேளையில், மேல்மாடத்தில் நின்று, நாரைகள் திடுக்கிட்டுப் பறக்கும்படி அவர் அதை முழங்கினார்.

எதிரே நின்றவள் பறவைக்கூடத்துப் பணிப்பெண் உமையாழி. நடுவே, கூண்டில், கிளி.

சாதாரணக் கிளியன்று. தம் தம்பியைப் போரில் கொன்ற, அக்கரைச் சிற்றரசரான மருதாட்டு வேளைக் கொற்றனார் தனிப்போருக்கு அழைக்க வேண்டும். பழி தீர்ப்பவன் தன் வாயால் அழைத்தல் வழக்கமன்று. தைப்பூசத்தன்று தூது மொழியாக எதிரியின் அவையில் அறைகூவல் ஒலிக்க வேண்டும். தவறினால் பழிதீர்ப்பு இன்னும் ஓராண்டு தள்ளிப்போகும். சென்ற ஆண்டு போன தூதர்கள் இருவரும் வேளின் விருந்தோம்பலில் மயங்கி, அங்கேயே மணமுடித்துத் தங்கிவிட்டனர். ஆகவே, அத்தகைய நோக்கம் ஏதுமற்ற கிளியை அவர் ஓராண்டாகப் பழக்கியிருந்தார். பூசத்துக்கு இன்னும் மூன்றே நாள்.

"இறகைச் சிலிர்த்திருக்கிறதே, அது வீராவேசம்! கண்மூடியிருப்பது போர்த்தியானம். கூண்டின் அடியில் குந்தியிருப்பது, பாயுமுன் பதுங்கும் புலியின் இலக்கணம்!"

"வீராவேசம் மூக்கில் ஒழுகுமா, பிரபு?" என்றாள் உமையாழி. "மூச்சுக்கு மூச்சு வால் தூக்கிப் போடுகிறது பாருங்கள். தினை தின்றதாக நினைத்தீர்கள்; மேலே கிடந்த உமியை ஊதினேன், மணி அப்படியே கிடக்கிறது. எச்சமோ வெறும் நீர். தளர்ந்ததைப் பருந்து முதலில் தூக்கும் என்று பறவைச் சாதி நோயை மறைக்கும். நம் கண்ணுக்கே தெரிந்துவிட்டதென்றால் முற்றிவிட்டது. அக்கரைப் புங்கந்துறையில் புள்மருத்துவர் ஒருவர் இருக்கிறாராம். தாங்களே போக வேண்டும். வளர்த்தவரைத்தான் அவர் விசாரிப்பாராம்."

"பறவைக்கு மருத்துவனா! நாளை கொசுவுக்கு மருத்துவச்சியோ? போ வெளியே!"

படியிறங்கியவள் திரும்பினாள். "தங்கள் பழிக்கு இருப்பது இந்த ஒரு நாக்குத்தான், பிரபு. செத்த கிளி அறைகூவாது."

தனித்து நின்ற கொற்றனார் கூண்டுக்குள் விரலை நீட்டினார். நாள்தோறும் அந்த விரலைக் குருதி வரக் கடிக்கும் கிளி, இன்று அதன்மேல் தலையைச் சாய்த்தது. எத்தனையோ போர்க்களம் கண்ட தளபதியார் கம்பளி ஒன்றைத் தேடி எடுத்தார்.

மறுநாள் விடியலில், கம்பளி போர்த்திய கூண்டுடன் உப்பு வணிகன் ஒருவன் புங்கந்துறையில் இறங்கி, கோழியை அணைத்திருந்த கிழவிக்குப் பின்னால் வரிசையில் நின்றான். முறை வந்தது. மருத்துவர் நிமிர்ந்தார்.

இரண்டாண்டுகளாகக் கொற்றனார் கனவில் நாள்தோறும் வெட்டி வீழ்த்திய முகம் அது. மருதாட்டு வேள்!

வணிகனின் கை கம்பளிக்குள், வாளின் பிடிக்கு நழுவியது.

"வாளைப் பிறகு உருவலாம், கொற்றரே," என்றார் வேள், கிளியின் மார்பெலும்பைத் தடவியபடி. "எத்தனை நாளாக உண்ணவில்லை?"

"நான்கு நாள்."

"நான்கு நாளா! அதுவரை என்ன செய்துகொண்டிருந்தீர்?"

கொற்றனார் கிளியை ஒருமுறை பார்த்தார். "பூசத்துக்குள் பேசுமா?"

"பேச வைத்தால் சாகும். ஒரு திங்கள் வெதுவெதுப்பில் வாய் திறவாமல் கிடந்தால் பிழைக்கும்."

தம்பியின் பெயரைக் கொற்றனார் மனத்துக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டார். கை வாளின் பிடியை விட்டது.

"அடுத்த பூசத்தில் உமது தலை என்னுடையது, வேளே! இது என் தம்பிமேல் ஆணை."

"ஆகட்டும். இப்போது கூண்டை அசைக்காமல் பிடியும்."

பிடித்தார். ஆற்றுக் காற்று சில்லென்று வீசவே, யாரும் சொல்லாமலே சற்று நகர்ந்து, தம் அகன்ற முதுகைக் கூண்டுக்கு மறைப்பாக்கிக்கொண்டார்.