இடது பின்சக்கரத்தின் பாரம்

அந்தக் கார் பின்னால் இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் இறங்கி நின்றது.

‘ஸ்பிரிங் டாக்டர்’ என்று எல்லோரும் கூப்பிடும் அந்த மெக்கானிக்குக்கு ஒன்றரை அங்குலம் என்பது பல்லில் சிக்கிய நார் மாதிரி. எடுக்கும்வரை சோறு இறங்காது. அவர் இதுவரை நிமிர்த்திய கோணல் வண்டிகளை வரிசையாக நிறுத்தினால் பக்கத்து நாட்டுக்குப் பாலமே போட்டுவிடலாம். அப்பேர்ப்பட்டவரை, அவரைவிட இரண்டு வயது மூத்த இந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் மூன்று நாளாக முட்டாளாக்கிக்கொண்டிருந்தது.

வண்டி அவர் மைத்துனனுடையது. போன வாரம்தான் எங்கிருந்தோ வாங்கி வந்திருந்தான். இன்று மாலை ஐந்து மணிக்கு முதல் சவாரி. வண்டியில் இருப்பது இரண்டே இருக்கை. இடது இருக்கையில் உட்காரப்போவது டாக்டரின் ஒரே மகள்.

“ஒன்றரை இஞ்சுக்கு மூணு நாளா, மச்சான்?” போனில் மைத்துனன் சிரித்தான். “டாக்டர் பட்டத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க.”

“வாயை மூடுடா. உங்க அக்கா முகத்துக்காகத்தான் உன்னை இன்னும் உதைக்காம வெச்சிருக்கேன்.”

முதலில் ஸ்பிரிங்கைத்தான் சந்தேகப்பட்டார். இடது ஸ்பிரிங்கை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாற்றினார். ஸ்பிரிங் களைத்திருந்தால் சரிவும் கூடவே இடம் மாறியிருக்கும். மாறவில்லை. தண்ணீர்க் குழாய் பிடித்துத் தரையின் மட்டம் பார்த்தார். ஒரு மயிரிழை பிசகு இல்லை. பிறகுதான் நெற்றியில் அடித்துக்கொண்டார்: வண்டி ஜாக்கில் தொங்கும்போதே அச்சைத் தாங்கும் ரப்பர் புஷ்களின் நட்டுகளை இறுக்கியிருந்தார். அப்படி இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு வண்டியைக் கோணலாகவே பிடித்து வைக்கும். நட்டுகளைத் தளர்த்தி, வண்டியைச் சக்கரங்களில் இறக்கி, ஓட்டுகிறவர் எடைக்கு ஈடாக வலது இருக்கையில் எழுபது கிலோ மணல் மூட்டையை வைத்து, நன்றாக ஆட்டிவிட்டு மறுபடி இறுக்கினார்.

பாரம் வைத்தது வலப்பக்கம். இறங்கியது இடப்பக்கம்.

வெளியே மழை தகரக் கூரையில் ஆயிரம் பேர் ஆணி அடிப்பதுபோல் கொட்டிக்கொண்டிருக்க, கிரீஸ் வாடைக்கும் பழைய தோல் வாடைக்கும் நடுவே, பல நாள் தலை துவட்டாத யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தது மாதிரி ஈரக் கூந்தல் வாடை ஒன்று அவர் மூக்குக்கு மெல்ல வந்தது. இடது இருக்கையைத் தடவினார். காய்ந்துதான் இருந்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது.

மூட்டையை இறக்கினார். பெட்ரோல் டாங்க் ஏற்கெனவே காலி. நான்கு சக்கரங்களுக்கும் அடியில் எடைப் பலகைகளைத் தள்ளினார். வண்டியின் கையேடு சொன்ன எடை எழுநூற்று எண்பது. சுவரில் இருந்த திரை காட்டியது எண்ணூற்று முப்பத்தெட்டு.

ஐம்பத்தெட்டு கிலோ அதிகம்.

இடது இருக்கையைக் கழற்றி வெளியே வைத்தார். பதினொன்று குறைந்தது. ஐம்பத்தெட்டு அப்படியே இருந்தது, இருக்கையே இல்லாத இடத்தில். படபடவென்று இருக்கையை எடுத்துத் திரும்ப மாட்டினார்.

திரையில் கடைசி இலக்கம் மெல்ல ஏறியது. இறங்கியது. ஏறியது. மூச்சு மாதிரி.

“யாரு?”

இலக்கம் அசையாமல் நின்றது.

“அப்பா, ரெடியா?” பட்டறையை ஒட்டிய வீட்டுக்குள்ளிருந்து மகள்.

“உள்ளேயே இரு! வராதே!”

“மாமா வந்துட்டே இருக்காராம். நீங்க இன்னும் டேப்பும் கையுமாத்தான் இருப்பீங்க!”

அவள் உட்காரப்போவது இருக்கையில் இல்லை. மடியில். இடது கதவைப் பிடித்து அகலத் திறந்தார்.

“இறங்கு.”

ஒன்றும் நடக்கவில்லை. மரியாதை கொடுத்துப் பார்த்தார்.

“இறங்கிடுங்க. என் பொண்ணு உட்காரணும்.”

ஸ்பிரிங் நீளமாக முனகியது. இடப்பக்கம் எழுந்தது. திரையில் எழுநூற்று எண்பது. டேப்பைப் பிடித்தார். இரண்டு பக்கமும் ஒரே உயரம். அழுகையும் சிரிப்புமாக அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது.

இறங்கிவிட்டது. சரி. இறங்கி எங்கே?

ஈர வாடை. மிக அருகில்.

கதவைச் சாத்த வேண்டும். எழ முடியவில்லை. தோளில் ஏதோ அழுத்தியது.

“அட, நேரா நிக்குதே! டாக்டர்னா டாக்டர்தான்!” மகள் ஓடி வந்தாள். அவர் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அவள் குனிந்து உள்ளே நுழைந்து, சாய்ந்து உட்கார்ந்தாள். ஸ்பிரிங் இறங்கியது. எண்ணூற்று இருபத்தாறு. அவளுடைய நாற்பத்தாறு கிலோ மட்டும்.

அவர் தோளில் இருந்த பாரம் விலகியது.

ஸ்பிரிங் இன்னொரு முறை இறங்கியது.

மகள் சிரித்தபடி கண்ணாடியைப் பார்த்துத் தலைமுடியை முடிந்துகொண்டிருந்தாள். இரண்டு கைகளும் தலையில். கதவு மெதுவாக, உள்ளிருந்து, சாத்தப்பட்டது.