காரணம் சொல்லிவிட்டு அமுக்கு!

ஞாயிற்றுக்கிழமை மாலை வேலை முடிந்து வந்த அம்மா, செருப்பைக் கழற்றியதுமே கேட்டாள்.

"என்னைப் பத்தி என்னமோ எழுதினேன்னு சொன்னியே, எங்க, காட்டு."

செந்தாமரை செல்போனை எடுத்தாள். அவள் விழுப்புரத்தில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம்தான் கணினி ஆசிரியை இருதயமேரி மிஸ், 'வகுப்பு மன்றம்' என்று ஓர் இணையப் பக்கம் தொடங்கியிருந்தார். வகுப்பில் இருக்கும் நாற்பத்திரண்டு பேரும் அதில் எழுதலாம். மற்றவர்கள் எழுதியதைப் படிக்கலாம். பிடித்திருந்தால் பச்சைக் கட்டைவிரலை அமுக்கலாம். பிடிக்கவில்லை என்றால் சிவப்புக் கட்டைவிரல். யார் அமுக்கினார்கள் என்று தெரியாது.

'எனக்குத் தெரிந்த ஒரு வேலை' என்று மிஸ் தலைப்புக் கொடுத்தபோது, செந்தாமரை அம்மாவைப் பற்றி எழுதினாள். அம்மா அம்சவள்ளி, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் துப்புரவுப் பணியாளர்.

'அம்மா ஒரு வார்டைத் துடைத்து முடிப்பதற்குள், முதலில் துடைத்த இடத்தில் யாராவது வெற்றிலை எச்சில் துப்பியிருப்பார்கள். அம்மா திட்ட மாட்டார். திரும்பவும் முதலில் இருந்து ஆரம்பிப்பார்' என்று எழுதியிருந்தாள். இரண்டு நாள் யோசித்து எழுதியது.

பக்கம் திறந்தது. பச்சை 2. சிவப்பு 14.

அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னடி இது, கை கீழ காட்டுது?"

செந்தாமரை செல்போனைச் சட்டென்று தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அது... கீழ போய்ப் படிங்கன்னு அர்த்தம்மா."

"ஓகோ! பதினாலு பேரு கீழ வரைக்கும் படிச்சிருக்காங்களா?" அம்மா சிரித்துக்கொண்டே முகம் கழுவப் போனாள்.

செந்தாமரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

மறுநாள் வகுப்புக்குள் நுழைந்ததும் பையைக்கூட இறக்கவில்லை. பக்கத்தில் உட்காரும் தமிழ்மொழியிடம் நேராகக் கேட்டாள்.

"நீ எனக்குச் சிவப்பு போட்டியா?"

தமிழ்மொழி நகத்தைக் கடித்தாள். "ஏற்கனவே அஞ்சு பேரு போட்டிருந்தாங்க. அதான் நானும் போட்டேன்."

"படிச்சியா?"

"இல்ல."

"படிக்காமலா?" செந்தாமரையின் குரல் உயர்ந்தது. "என்ன எழுதியிருக்குன்னே தெரியாம, எங்க அம்மாவைக் கீழ தள்ளிட்டியா?"

பின் பெஞ்சில் இருந்த பிரேம்குமார் சிரித்தான். அவன்தான் வகுப்புத் தலைவன். அவன் சிரித்தால் நான்கு பேர் சேர்ந்து சிரிப்பார்கள்.

"நானும்தான் போட்டேன். சும்மா போட்டேன். அதுக்கு ஏன் இவ்ளோ பேஜாரு பண்றே?"

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான்."

ஜன்னல் ஓரம் இருந்த அய்யப்பன் மட்டும் எழுந்து பக்கத்தில் வந்தான். "நானும் போட்டேன் செந்தாமரை. வாந்தியைத் துடைச்சாங்கன்னு எழுதியிருந்தே இல்ல? நான் சாப்பிட்டுக்கினே படிச்சேன். கேப்பைக் கூழு உள்ள இறங்கவே இல்ல."

அவனை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. முறைத்துவிட்டு நேராகக் கணினி அறைக்குப் போனாள்.

"மிஸ், அந்தச் சிவப்புக் கட்டைவிரலை எடுத்துடுங்க!"

இருதயமேரி மிஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "என்னாச்சும்மா?"

"பிடிக்கலைன்னா எது பிடிக்கலைன்னு சொல்லணும். பேரையும் மறைச்சுக்கினு, காரணமும் சொல்லாம, ஒரே அமுக்கு! இது ஒளிஞ்சுக்கினு கல்லடிக்கிற மாதிரி இல்லையா, மிஸ்?"

மிஸ் அவளுடைய கட்டுரையைத் திறந்து முழுதும் படித்தார். சிவப்பு 14ஐயும் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"நீ சொல்றது நியாயம். சாயங்காலமே எடுத்துடறேன்."

அப்படியே எடுத்தும் விட்டார். அடுத்த நாளிலிருந்து மன்றத்தில் பச்சைக் கட்டைவிரல் மட்டும்தான் இருந்தது. செந்தாமரைக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, பயிற்சி வகுப்புக்காக இருதயமேரி மிஸ் திண்டிவனம் போனார். மூன்று நாள் பயிற்சி. அன்று மாலையே பிரேம்குமார் மன்றத்தில் ஒன்று எழுதினான். அப்போது பள்ளிக்கூடத் தெருவில் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது; அதை வைத்துத்தான்.

'நாய் கடித்தால் பயப்படாதீர்கள்! கடித்த இடத்தில் மிளகாய்த் தூளை வைத்துத் தேய்த்தால் விஷம் எரிந்துபோகும். ஊசி எல்லாம் தேவையே இல்லை. ஆஸ்பத்திரியில் சும்மா பயமுறுத்துவார்கள்.'

கீழே ஒரு நாய் பல்லைக் காட்டும் படமும் இருந்தது. படம் வேடிக்கையாக இருந்ததால் பச்சை விழுந்துகொண்டே இருந்தது. பத்து, இருபது, முப்பத்தொன்று.

செவ்வாய்க்கிழமை காலை அதைப் படித்த செந்தாமரைக்கு உடம்பெல்லாம் சுட்டது. நாய்க்கடியோடு வருபவர்களை அம்மா தினமும் பார்க்கிறாள். "சோப்பு போட்டுக் கழுவிட்டு உடனே வந்திருந்தா நல்லாயிருக்குமே, என்னத்தையோ அப்பிக்கினு வர்றாங்களே" என்று எத்தனை முறை புலம்பியிருக்கிறாள்!

சிவப்பை அமுக்கலாம் என்று விரல் தானாகப் போனது. அங்கே சிவப்பு இல்லை.

"சே!" என்றாள்.

பதில் எழுதும் இடத்தில் 'இது தப்பு. யாரும் இப்படிச் செய்யாதீர்கள். சோப்பு போட்டுக் கழுவி, கட்டாயம் ஊசி போட வேண்டும்' என்று எழுதினாள். ஆனால் அதற்கு மேலே 'சூப்பர்', 'செம', 'சூப்பரோ சூப்பர்' என்று இருபத்தாறு பதில்கள் இருந்தன. அவளுடையது இருபத்தேழாவது. கண்ணுக்கே தெரியாத ஆழத்தில் கிடந்தது.

பிரேம்குமாரிடமே போய்ச் சொன்னாள். "அதை எடுத்துடு. தப்பா இருக்குது."

"முப்பத்தொரு பேருக்குப் பிடிச்சிருக்குது. உனக்கு மட்டும் பிடிக்கல. யாரு தப்பு?" என்று அவன் திருப்பிக் கேட்டான்.

அவள் காலைத் தரையில் உதைத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினாள்.

புதன்கிழமை மதியம் சாப்பாட்டு நேரம் முடியப்போகும் சமயம். டிபன் பாக்ஸைக் கழுவக் குழாயடிக்குப் போன செந்தாமரை, சுவருக்குப் பின்னால் யாரோ முனகுவதைக் கேட்டாள்.

எட்டிப் பார்த்தால் அய்யப்பன். பேண்டை முழங்கால் வரை சுருட்டியிருந்தான். கெண்டைக்காலில் இரண்டு பல் பதிந்திருந்தது. ரத்தம் கசிந்தது. கையில் ஒரு காகிதப் பொட்டலம். பள்ளி வாசலில் மாங்காய் விற்கும் பாட்டியிடம் கேட்டு வாங்கிய மிளகாய்த் தூள்!

"டேய், நிறுத்து!"

அவன் திடுக்கிட்டான். "குட்டிக்கு பிஸ்கட் போட்டேன். அதோட அம்மா வந்து கடிச்சிருச்சு. யாருகிட்டயும் சொல்லாத. ஊசின்னா எனக்கு பயம்."

"அதுக்கு மிளகாய்த் தூளா?"

"முப்பத்தொரு பேரு பச்சை போட்டிருக்காங்க செந்தாமரை. முப்பத்தொரு பேரு பொய் சொல்லுவாங்களா?"

செந்தாமரை ஒரே தட்டாகப் பொட்டலத்தைத் தட்டிவிட்டாள். மிளகாய்த் தூள் காற்றில் பறந்தது. இரண்டு பேரும் பத்துத் தும்மல் தும்மினார்கள். தும்மிக்கொண்டே அவனைக் குழாயடிக்கு இழுத்துப் போனாள்.

"காலை நீட்டு. ஜல்தி!"

குழாயைத் திறந்தாள். சோப்பு இல்லை. அப்போது அந்தப் பக்கம் வந்த பிரேம்குமார் அப்படியே நின்றுவிட்டான். அய்யப்பனின் காலைப் பார்த்தான். கீழே சிதறியிருந்த மிளகாய்த் தூளையும் பார்த்தான். அவன் முகம் வெளுத்துப் போனது.

"என்ன பார்த்துக்கினு நிக்கறே? ஓடிப்போய்ச் சோப்பு எடுத்துக்கினு வா!"

அவன் ஓடினான். ஆசிரியர்கள் கை கழுவும் இடத்திலிருந்து சோப்பையே தூக்கிக்கொண்டு வந்தான். அவள் தேய்க்கத் தேய்க்க அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போதுமா?"

"கால் மணி நேரம் கழுவணும். பார்த்துச் சொல்லு."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து பிரேம்குமார் மெதுவாகச் சொன்னான். "எங்க மாமா சொன்னாரு. நான் சும்மாதான் எழுதினேன்."

செந்தாமரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ சும்மா எழுதினே. முப்பத்தொரு பேரு சும்மா பச்சை போட்டாங்க. இவன் ஒருத்தன் மட்டும் நெசம்னு நம்பிட்டான்!"

பிரேம்குமார் ஓடும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கால் மணி நேரம் ஆனதும் மூன்று பேரும் வகுப்பாசிரியர் வெங்கடாசலம் சாரிடம் போனார்கள். நடந்ததைச் சொன்னது பிரேம்குமார்தான். ஒன்றையும் மறைக்கவில்லை. சார் உடனே அய்யப்பனின் அம்மா தனத்துக்குப் போன் செய்தார். தையல் கடையிலிருந்து அவர் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"நான் எங்கன்னு போவேன் சார்? அவ்ளோ பெரிய ஆஸ்பத்திரியில எனக்கு ஒண்ணும் தெரியாதே."

"நான் வர்றேன் அத்தை. எங்க அம்மா அங்கதான் வேலை செய்றாங்க. ஊசி போடற இடம் எனக்குத் தெரியும்" என்றாள் செந்தாமரை.

சார் செந்தாமரையின் அம்மாவிடம் போனில் கேட்டுவிட்டு அனுப்பி வைத்தார். தனமும் அய்யப்பனும் செந்தாமரையும் முண்டியம்பாக்கத்துக்கு பஸ் ஏறினார்கள். அங்கே அம்மா வாசலிலேயே காத்திருந்தாள். அய்யப்பனின் காலைக் குனிந்து பார்த்த மருத்துவர் கேட்டார்: "யாரு கழுவினது? சரியாச் செஞ்சிருக்கீங்க. ஊசியை மட்டும் விட்டுடக் கூடாது. எந்தெந்த நாள்னு சீட்டுல எழுதித் தர்றேன், தவறாம வரணும்."

வியாழக்கிழமை இருதயமேரி மிஸ் திரும்பி வந்தார். எல்லாவற்றையும் கேட்டதும் அவர் கண்ணாடியைத் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடியும் கழற்றினார்.

"அந்தப் பதிவு எங்க?"

"ராத்திரியே எடுத்துட்டேன் மிஸ்" என்றான் பிரேம்குமார். "தப்புன்னும் எழுதிட்டேன்."

"இனிமே மன்றமே வேணாம். மூடிடலாம்னு நினைக்கிறேன்" என்றார் மிஸ்.

"வேணாம் மிஸ்!" செந்தாமரை எழுந்து நின்றாள். "மூடாதீங்க. சிவப்பைத் திரும்பக் கொண்டுவாங்க."

வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது.

"நீதானேம்மா எடுக்கச் சொன்னே?"

"ஆமா மிஸ். அப்ப எனக்கு வந்த கோபம் இன்னும் போகல. ஆனா சிவப்பு இல்லாததால தப்பைத் தப்புன்னு காட்ட முடியாம போச்சு. நான் சொன்னது இருபத்தேழாவதாக் கிடந்துச்சு, யாரும் படிக்கல. அதனால சிவப்பு இருக்கட்டும். ஆனா பேரும் காரணமும் எழுதினாத்தான் அமுக்க முடியணும். அந்தக் காரணம் எல்லாத்துக்கும் மேல தெரியணும்."

"நல்ல யோசனைதான்" என்றார் மிஸ்.

"இன்னும் முடியல மிஸ். பச்சைக்கும் அதேதான்! சூப்பர்னு போடறவங்களும் எது சூப்பர்னு சொல்லணும்."

"ஐயையோ, அப்ப எல்லாத்தையும் முழுசாப் படிக்கணுமே!" என்று தமிழ்மொழி அலறினாள்.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. மிஸ்ஸும் சிரித்துவிட்டார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து மன்றத்தை மாற்றியமைத்தார்.

முதல் வாரம் மன்றம் வெறிச்சென்று கிடந்தது. காரணம் எழுதச் சோம்பல்பட்டுப் பாதிப் பேர் எந்தக் கட்டைவிரலையும் அமுக்கவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். 'ஏரிக்கு எந்த வழி என்று சொல்லவே இல்லை' என்று ஒரு சிவப்பு. 'மல்லாட்டை வேகும் வாசனை அப்படியே வந்தது' என்று, வேர்க்கடலை அவிப்பதைப் பற்றிய கட்டுரைக்கு ஒரு பச்சை. செந்தாமரைக்கே ஒரு சிவப்பு வந்தது. 'ஒரே வாக்கியத்தில் மூன்று முறை "மேலும்" வருகிறது.' பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டை எடுத்தாள்.

கடைசி ஊசியும் போட்டு முடித்த நாளில் அய்யப்பன் பெருமையாக ஒன்று எழுதினான்.

'நாய் கடித்தால் தைரியமாக ஊசி போட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம்கூட வலிக்காது. நான் சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டேன்.'

ஐந்தே நிமிடத்தில் ஒரு சிவப்பு விழுந்தது.

'பெயர்: செந்தாமரை. காரணம்: பொய். நான் பக்கத்திலேயே நின்றேன். நீ "அம்மா" என்று கத்தியதில், மருந்து வாங்க வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.'

கொஞ்ச நேரத்தில் அய்யப்பனின் பதிவு மாறியது.

'வலிக்கும். கத்தலாம். ஆனால் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள்.'

செந்தாமரை சிவப்பை எடுத்துவிட்டுப் பச்சையை அமுக்கினாள். 'காரணம்?' என்று பெட்டி கேட்டது.

'இப்போது உண்மை' என்று எழுதினாள்.